ஒரு நூல் இறக்கம்

மச்சான் தன் பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்துவந்து என் ஷெட் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினார். கைப்பிரேக்கை இழுத்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இனி உள்ளே இருக்கிற வண்டி வெளியே போக முடியாது, வெளியே இருக்கிற வண்டி உள்ளே வர முடியாது.

"எஞ்சினை ஏத்தினாதான் இது நகரும்" என்றார்.

"நான்தான் எஞ்சின் ஏத்துறதை விட்டுட்டேனே மச்சான். மேட்டு ஷெட்டுக்கு அனுப்பிடுறேன். அவன் நல்லா பண்ணுவான்."

"நீ வேண்டாம்னு தள்ளுற வேலையிலேயே அவன் ஒரு மாடி கட்டிட்டான். என் வண்டியும் போனா இன்னொரு மாடி எழுப்புவான். எனக்கு மாப்பிள்ளைன்னு ஒருத்தர் எதுக்கு, கல்யாண போட்டோவில நிக்கவா?"

மச்சான் என் மனைவியின் அண்ணன். வெல்டர். கேட், கிரில், படிக்கட்டுக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, எதைக் கேட்டாலும் அடித்துக் கொடுப்பார். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியோடு நின்றுவிடும். அதனால் தெருவில் அவருக்கு 'எட்டு' என்று பெயர். வைத்ததும் அவரேதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே, வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் தனக்குத்தானே வைத்துக்கொண்டார். "விட்டா மொட்டைக் கைன்னு வச்சிருவானுங்க. எட்டுன்னா மரியாதையா இருக்கு" என்றார். போனை எடுத்தால் "வெல்டர் எட்டு பேசுறேன்" என்பார்.

அந்த இரண்டு விரலும் போனது என் ஷெட்டில். இரண்டரை வருடம் ஆகிறது. ஒரு லாரிக்கு எஞ்சின் ஏற்றிக்கொண்டிருந்தோம். நான் எஞ்சினைத் தூக்கிப் பிடிக்கிற செயின் பிளாக்கின் சங்கிலியைப் பிடித்திருந்தேன். அவர் கீழே நின்று, எஞ்சினை வண்டிச் சட்டத்தோடு பூட்டுகிற மவுண்டிங் ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சேர்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. எஞ்சின் தொங்கும்போது பேசுகிற வாய் ஒன்றுதான் இருக்க வேண்டும். கீழே நிற்கிறவர் சொல்வார், சங்கிலி பிடிக்கிறவர் கேட்பார். 'இறக்கு' என்ற சொல் வராமல் சங்கிலி ஒரு கண்ணி நகரக் கூடாது. ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. ஓட்டை நேராக வந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பது. கூர்க்கம்பியை விட்டுத்தான் பார்க்க வேண்டும், எல்லாருக்கும் தெரியும். ஆனால் கம்பி குனிந்து எடுக்கிற தூரத்தில் கிடக்கும், விரல் கையிலேயே இருக்கும்.

அன்றைக்கு மச்சான் விரலை விட்டார். நான் அவர் சொல்வதற்கு முன்னால் இறக்கினேன். லாரிக்காரர் மூன்றாவது தடவையாகப் போன் அடித்துக்கொண்டிருந்தார், எனக்கு அவசரம். இறக்கியது ஒரு நூல்தான். நூல் என்பது எங்கள் அளவில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கையில் ஒரு சாண் சங்கிலி இழுத்தால் கொக்கி ஒரு நூல் இறங்கும். விளிம்பில் முட்டிக்கொண்டு நின்ற மவுண்டிங், அந்த ஒரு நூலில் நழுவி உட்கார்ந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்து "என்ன ஆச்சு?" என்றபோது, "சங்கிலி வழுக்கிடுச்சு" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாய் சொன்னது. நாளைக்குச் சரியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு நாள் தள்ளினேன். பிறகு ஒரு வாரம். அதற்குள் அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதியாகிவிட்டது. என் மனைவி அந்தச் செயின் பிளாக்கை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினாள். சனியன் என்றாள், கொலைகாரப் பிசாசு என்றாள். யாரையும் தொடவிடாமல் தானே தள்ளுவண்டியில் வைத்து, தெரு முழுக்கத் திட்டிக்கொண்டே தள்ளிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தாள்.

நல்ல பிளாக் அது. ஒரு நாளும் வழுக்கியதில்லை.

புதிதாக ஒன்று வாங்கி ஷெட்டின் இரும்பு உத்திரத்தில் மாட்டினேன். மாட்டியதோடு சரி. அதில் எஞ்சின் எதுவும் தொங்கவில்லை. பிரேக், கிளட்ச், ஆயில் மாற்றுவது என்று தரையோடு தரையாகவே என் பிழைப்பு நடந்தது. எஞ்சின் இறக்கி ஏற்றுகிற வேலை வந்தால் மேட்டு ஷெட்டுக்கு வழி காட்டிவிடுவேன். கேட்டால் முதுகு வலி என்பேன். முதுகும் பாவம், ஒத்துழைத்து எப்போதாவது வலித்தது.

பிக்கப் எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. வட்ட விளக்கு, நீண்ட மூக்கு, ஸ்டியரிங் தண்டிலேயே கியர் கம்பி. என்ன நிறம் என்று யாராவது கேட்டால், எந்த இடத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். துருப்பிடித்த இடத்தையெல்லாம் வெட்டி வெட்டி மச்சான் புதுத் தகடு வைத்ததில், பாதி வண்டி கம்பெனி செய்தது, பாதி வண்டி மச்சான் செய்தது. வெல்டிங் மெஷினையும் கேட்டையும் ஏற்றிக்கொண்டு அவர் போகாத தெரு இல்லை. போன மாதம் எஞ்சின் பிளாக் நீளவாக்கில் வெடித்துவிட்டது. அதற்குப் பொருத்தமான எஞ்சின் இனி உலகத்தில் யாரிடமும் இல்லை. மச்சான் வெடித்ததைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, அலைந்து திரிந்து, பின்பக்கம் நசுங்கிய ஒரு வேனிலிருந்து நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் சேர்த்துக் கழற்றி வந்திருந்தார். இரண்டும் பிக்கப்பின் தொட்டியில், பழைய டயரின்மேல் உட்கார்ந்திருந்தன. என் வாசலில் வந்து நின்றது அப்படித்தான்.

இரண்டு நாள் சாக்குச் சொன்னேன். மூன்றாம் நாள் சொல்ல எதுவும் மிச்சமில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு கார்க்காரர் வேறு வாசலில் நின்று கத்த ஆரம்பித்தார். நாலு பேராக வண்டியை உள்ளே தள்ளி, உத்திரத்துக்கு நேர் கீழே நிறுத்தினோம்.

அப்போதும் நான் சங்கிலியைத் தொடவில்லை. வேறு எஞ்சினை இந்தச் சட்டத்தில் உட்கார வைக்க, புதிதாக மவுண்டிங் தாங்கிகள் செய்து வெல்டிங் அடிக்க வேண்டும். அதற்கு எஞ்சினை இடத்தில் நிறுத்தி அளவெடுக்க வேண்டும். நான் பழைய இரும்புக் கடைக்குப் போய் அதே ரக எஞ்சினின் வெறும் கூட்டையும், உள்ளே பல்சக்கரமே இல்லாத காலிக் கியர் பெட்டியையும் இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்கி வந்தேன். நாலு பேர் கையாலேயே தூக்கி வைத்துவிடலாம். அந்தக் கடையில் என் பழைய செயின் பிளாக் ஒரு பஸ் அச்சைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வந்தேன்.

"காலிப் பானையை வச்சு அடுப்பை அளக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்" என்றார் மச்சான். ஆனாலும் அளந்தார். அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு தகட்டில் வெட்டி, இரண்டு பக்கமும் தாங்கிகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டி, கூட்டை வெளியே எடுத்ததும் முழு வெல்டிங் அடித்தார். கேபினின் தரையில் புதுக் கியர் கம்பிக்கு ஓட்டை வெட்டினார். அவர் வெல்டிங் கோடு தையல் போட்டதுபோல இருக்கும். இரண்டு விரல் குறைந்த பிறகும் அப்படியேதான் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு ஏதாவது சாமான் தேடப் போய்விடுவேன்.

விடுமுறை நாள் காலையில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. போனட், முன் கிரில், ரேடியேட்டர் எல்லாவற்றையும் கழற்றி வைத்திருந்தோம். பத்து மணிக்கு என் மனைவி பிளாஸ்கோடு வந்தாள். அவள் ஷெட்டுக்கு வருவதில்லை. வந்தவள் ஒரு டயரைத் தட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"என்ன பாப்பா, மேற்பார்வையா?" என்றார் மச்சான். அவளுக்கு நாற்பது வயது. அவருக்கு அவள் எப்போதும் பாப்பாதான்.

"உன் கையில இன்னும் எட்டு இருக்குல்ல அண்ணே? எட்டையும் எண்ணி வாங்கிட்டுத்தான் இந்த இடத்தை விட்டு எழுந்திருப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, இந்தப் புது பிளாக்காவது வழுக்காதுல்ல?"

"வழுக்காது" என்றேன். உள்ளங்கையைத் துணியில் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

எஞ்சினையும் கியர்பெட்டியையும் ஒன்றாகவே பூட்டியிருந்தோம். எஞ்சினைச் சுற்றிக் கட்டுச்சங்கிலியை மாட்டி, அதில் செயின் பிளாக்கின் கொக்கியைக் கோத்தாகிவிட்டது. இனி ஒருவர் மேல்சங்கிலியைப் பிடிக்க வேண்டும், ஒருவர் வண்டிக்குள் இறங்கி நிற்க வேண்டும். வழக்கமாகச் சங்கிலி நான், கீழே அவர். மச்சான் ஏற்கெனவே பம்பர் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"மச்சான், சங்கிலியை நீங்க பிடிங்க. நான் கீழ நிக்கிறேன்."

அவர் நின்றார். என்னை ஒரு முறை, மேலே தொங்குகிற சங்கிலியை ஒரு முறை பார்த்தார்.

"ஏன், முதுகு வலியா?"

"ஆமா."

"முதுகு வலிக்காரன் குனிஞ்சு நிக்கப் போறியா?"

"அண்ணே, அவர் சொல்றபடி செய்" என்றாள் என் மனைவி. அண்ணனை ஆபத்திலிருந்து காப்பாற்றத்தான் நான் கீழே போகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கண்ணில் ஒரு பெருமைகூட இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. உண்மை என்னவென்றால், அந்தச் சங்கிலியைப் பிடிக்க எனக்குக் கை வரவில்லை. அதைவிட என் விரலைக் கொடுப்பது சுலபமாக இருந்தது.

மச்சான் சங்கிலியை இழுத்தார். எஞ்சின் கிளம்பி, தொட்டியை விட்டுக் கேபின் கூரைக்கும் மேலே எழும்பியது. வண்டியைத் தள்ளிப் பின்னுக்குக் கொண்டுபோய் முன்பக்கத்தை நேராக நிறுத்தினோம். தலை தூக்கி வால் தாழ்ந்து எஞ்சின் மெதுவாக உள்ளே வந்தது. கியர்பெட்டியின் வாலைக் கேபினுக்கு அடியில் நுழைக்க வேண்டும், அதே நேரத்தில் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் பேன் குறுக்குச் சட்டத்தில் இடிக்காமல் தாண்ட வேண்டும்.

"இறக்கு... இறக்கு... இரு. கொஞ்சம் இறக்கு. இரு" என்றேன்.

"ஸ்டியரிங் கம்பில இடிக்குது!" என்றாள் டயரிலிருந்து.

"பாப்பா, வாய் ஒண்ணுதான் பேசணும். நீ டீயைக் குடி."

"இடிச்சா அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

இடிக்கத்தான் பார்த்தது. நான் தோளைக் கொடுத்து ஒரு பக்கமாகத் தள்ளினேன். வால் உள்ளே போயிற்று. தள்ளு ஜாக்கியைக் கியர்பெட்டிக்கு அடியில் உருட்டி நிறுத்தினேன். வலது பக்கத் தாங்கியில் ரப்பர் உட்கார்ந்து, ஓட்டை நேராக வந்தது. போல்ட்டைப் போட்டுக் கையாலேயே நாலு சுற்றுச் சுற்றிவிட்டேன். இடது பக்கம் வந்தேன். ஓட்டைக்கு மேல் ஓட்டை வரவில்லை. பிறை மாதிரி ஒரு கீற்று மறைத்துக்கொண்டிருந்தது.

"ஒரு நூல் வெளிய நிக்குது" என்றேன். "வெல்டிங் இழுத்திருக்கு."

"என் வெல்டிங்கா? உன் காலிப் பானை இழுத்திருக்கும்."

"முழு வெல்டிங் அடிச்சா இரும்பு இழுக்கும்னு தெரியாதா? ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அடிச்சிருக்கணும்."

"மாத்தி மாத்தித்தான் அடிச்சேன். இரும்புக்கு உன் மூஞ்சி பிடிக்கல போல."

நான் முட்டிபோட்டு எஞ்சினைத் தோளால் நெருக்கினேன். கொஞ்சம் வந்தது. இன்னும் கொஞ்சம். பிறை மெலிந்துகொண்டே போனது. இப்போது சரியாக வந்திருக்கும் என்று தோன்றியது. இன்னொரு நெருக்கு நெருக்கினேன்.

"மாப்ள" என்றார் மச்சான். குரல் தாழ்ந்திருந்தது. "உன் விரல் எங்க இருக்குன்னு பாரு."

பார்த்தேன். என் வலது கை ஆள்காட்டி விரல், இரண்டாவது மடிப்புவரை, மவுண்டிங் ஓட்டைக்குள் இருந்தது. எப்போது விட்டேன் என்று எனக்குத் தெரியாது. கூர்க்கம்பி என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. விரலுக்கு மேலே எஞ்சினும் கியர்பெட்டியும், நாலு பேர் எடை, ஒரு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தன. சங்கிலி மச்சான் கையில் இருந்தது.

அவர் அசையவில்லை. ஒரு கண்ணிகூட நகரவில்லை.

"எனக்கு இப்ப கை அரிக்குது" என்றார். "ஒரு நூல் இறக்கலாமான்னு இருக்கு."

விரலை உருவிக்கொண்டு பின்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். 

"என்ன சொன்னீங்க?"

"ஒரு நூல்னேன். அன்னைக்கு நீ இறக்கின அதே அளவு."

ஷெட்டுக்கு வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. என் மனைவி கையிலிருந்த டீக் கோப்பையைத் தரையில் வைத்தாள்.

"அண்ணே, அன்னைக்குச் சங்கிலி வழுக்குச்சுல்ல?"

மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியவன் நான் என்று அவர் முகம் சொன்னது. இரண்டரை வருடமாக இதை எப்படிச் சொல்வது என்று எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருக்கிறேன். ஆற்றங்கரையில் அழைத்துப்போய்ச் சொல்வதுபோல, சாகும்போது சொல்வதுபோல. கிரீஸ் தரையில் உட்கார்ந்துகொண்டு சொல்வதாக ஒரு ஒத்திகையிலும் இல்லை.

"வழுக்கல" என்றேன். "நான்தான் இறக்கினேன். அவர் சொல்றதுக்கு முன்னாடியே. அவசரத்துல."

அவள் எழுந்து நின்றாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேலே செயின் பிளாக்கைப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் பழைய பிளாக்?"

"அது நல்ல பிளாக்."

"நான் அதைத் தெரு பூரா திட்டிக்கிட்டே தள்ளிட்டுப் போனேனே! நாலு பேர் பார்க்க எட்டி உதைச்சேனே! ஒரு மாசம் கட்டைவிரல் வீங்கிக் கிடந்தேனே!"

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டு எனக்கு ஒத்தடம் கொடுத்தீங்களா?"

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சங்கிலியை விடாமல் தோளைக் குலுக்கிச் சிரித்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"விரல் போனப்பவே தெரியும் பாப்பா. வழுக்கின சங்கிலி ஒரு நூலோட நிக்குமா? சடசடன்னு ஓடி எஞ்சினே என் மேல வந்திருக்கும். அப்புறம் நான் எட்டு இல்ல, சைபர்."

"ரெண்டு பேருமா சேர்ந்து என்னை..." என்று ஆரம்பித்தவள், தொங்குகிற எஞ்சினைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "முதல்ல அதை இறக்குங்க. இவ்வளவு பெரிசை அந்தரத்துல விட்டுட்டு என்ன பேச்சு? இறக்கி முடிங்க. அப்புறம் இருக்கு ரெண்டு பேருக்கும்."

சொல்வது சரிதான். கோபம் எப்போது வேண்டுமானாலும் படலாம், எஞ்சின் காத்திருக்காது.

கூர்க்கம்பியை எடுத்தேன். ஓட்டையின் திறந்த பாகத்துக்குள் அதன் முனையைச் சொருகி, கடப்பாரையால் எஞ்சினை நெம்பினேன். கம்பி ஒரு பக்கம் இழுக்க, கடப்பாரை ஒரு பக்கம் தள்ள, கம்பி மெதுவாக நிமிர்ந்தது. நிமிர்ந்து முழுதாக உள்ளே போயிற்று. பிறை மறைந்து வட்டமானது. கம்பியை உருவி, போல்ட்டைப் போட்டேன். போல்ட் ஒரு முனகலும் இல்லாமல் இறங்கியது. வாலில் கியர்பெட்டியின் மவுண்டிங்கையும் ஊன்றி, அதற்கும் போல்ட் போட்டேன். இனி பாக்கி ஒன்றுதான். எடை இன்னும் சங்கிலியில் இருந்தது. அதைத் தளர்த்தி ரப்பர்கள்மேல் உட்கார வைக்க வேண்டும்.

"கடைசி இறக்கம்" என்றேன்.

பிளாக் தானே எடையைப் பிடித்துக்கொள்ளும், மச்சான் சங்கிலியை விட்டுவிட்டு வந்தார். "நீ போய்ப் பிடி."

"நீங்களே..."

"ரெண்டரை வருஷமா நீ இந்தச் சங்கிலியைப் பார்த்துப் பயந்தது போதும். மேட்டு ஷெட்டுக்காரன் மூணாவது மாடி கட்டிரப் போறான். போ."

போனேன். இடது பக்கத் தாங்கிக்குப் பக்கத்தில் மச்சான் குனிந்தார். வலது கையில் தட்டைக் கம்பியால் ரப்பர் மடியாமல் பிடித்துக்கொண்டார். இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"பயப்படாத. விரலை விட மாட்டேன். இருக்கிறதே எட்டு" என்றார்.

சங்கிலியைப் பிடித்தேன். குளிர்ந்து, லேசாக எண்ணெய் பிசுபிசுத்தது. அவர் ரப்பரைப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் வலது ரப்பரையும் பார்த்தார். திரும்பி வந்தார். மூக்கைச் சொறிந்தார். குனிந்தார். ஒன்றும் சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்கிறார் என்று தெரிந்தது. செய்யட்டும். சாயங்காலம்வரை செய்யட்டும். நான் ஒரு கண்ணியையும் அசைக்கவில்லை. என் மனைவி மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது.

"இறக்கு" என்றார்.

"எவ்வளவு?"

"ஒரு நூல்."

ஒரு சாண் இழுத்தேன். நிறுத்தினேன்.

"இன்னும் ஒண்ணு."

இழுத்தேன். நிறுத்தினேன். ரப்பர் ஒரு பெருமூச்சு விட்டதுபோல அமுங்கியது. வண்டியின் முன்பக்க ஸ்பிரிங்குகள் முனகி, மூக்கு நாலு விரல் தாழ்ந்தது. கொக்கி தளர்ந்து, கட்டுச்சங்கிலி எஞ்சின்மேல் தொய்ந்து விழுந்தது. எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. ஆயில் பேனுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே மச்சான் ஒரு தகட்டுத் துண்டை விட்டுப் பார்த்தார். தாராளமாகப் போய் வந்தது. கேபினுக்குள் எட்டிப் பார்த்தேன். அவர் வெட்டிய ஓட்டையின் நட்ட நடுவில் கியர் கம்பி நின்றது. தொட்டு ஆட்டினால் எந்தப் பக்கமும் இடிக்கவில்லை.

"பார்த்தியா? என் ஓட்டை" என்றார் மச்சான்.

"அந்த ஓட்டை சரி. இடது தாங்கி ஒரு நூல் வெளிய."

"அது உனக்காக விட்டது."

நான் டயரில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது தெரிந்தது. அழுகை வருமோ என்று பார்த்தேன், வரவில்லை. பசி வந்தது. காலையில் ஒன்றும் இறங்கவில்லை, அதற்கு முந்தைய ராத்திரியும்தான். இரண்டரை வருடம் நெஞ்சில் ஒரு கொக்கி மாட்டி யாரோ மேலே இழுத்துப் பிடித்திருந்ததுபோல இருந்தது. இப்போது தரையில் இறக்கிவிட்டார்கள்.

"ஏன் மச்சான் கேட்கவே இல்ல?" என்றேன்.

அவர் நட்டைத் திருகிக்கொண்டே பேசினார். "கேட்டா நீ ஒண்ணு பொய் சொல்லுவ, இல்ல அழுவ. பொய் சொன்னா நான் உன்னை அடிக்கணும். அழுதா நான் உன்னைத் தேத்தணும். ரெண்டுக்கும் அப்ப எனக்குத் தெம்பில்ல, கையில கட்டு." ஸ்பானரை மாற்றினார். "சொல்லாம இறக்கினது உன் தப்பு. கம்பி இருக்கறப்போ விரலை விட்டது என் தப்பு. ரெண்டு தப்பு, ரெண்டு விரல். நான் அன்னைக்கே விட்டுட்டேன். நீதான் எஞ்சின் ஏத்தறதை விட்டுட்டு என் வண்டி வேலையைக் கெடுத்த."

"ஒரு தடவை சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும்னு."

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். நீ முதுகு வலின்னே சொல்லிட்டிருந்த."

என் மனைவி இவ்வளவு நேரமும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இப்போது பக்கத்தில் வந்தாள்.

"முடிஞ்சுதா பேச்சு?" என்றாள். "உங்களை நான் இப்ப ஒண்ணும் சொல்லப் போறதில்ல. வீட்டுக்கு வாங்க, சாவகாசமா சொல்றேன். ஒரு வாரத்துக்குச் சொல்றதுக்கு இருக்கு. முதல்ல அந்தப் பழைய பிளாக் எங்கே இருக்குன்னு விசாரிங்க."

"இரும்புக் கடையிலேயே இருக்கு" என்றார் மச்சான். "போறப்பல்லாம் பார்க்கிறேன். பஸ் அச்சைத் தூக்கிட்டு நிக்குது. வழுக்கின பிளாக்கை வச்சு எவனாவது பஸ் அச்சைத் தூக்குவானா பாப்பா? நீயே யோசிச்சிருக்கலாம்."

"நான் என் புருஷனை நம்பினேன்."

 மச்சான் நட்டைத் திருகுவதில் மும்முரமானார். நான் டயரின் பட்டைகளை எண்ணினேன். அவள் கொஞ்ச நேரம் எங்களை அப்படியே விட்டுவைத்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு எனக்குத் தெரியும். பதினெட்டு வருடமாகக் கேட்கிறேன். திட்டு நிச்சயம் உண்டு, ஆனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிற பெருமூச்சு அது இல்லை.

"கையை நீட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எண்ணித்தான் வாங்குவேன்னு சொன்னேன்ல? ரெண்டு பேரும் நீட்டுங்க."

நான் பத்தையும் நீட்டினேன். கறுத்து, கிரீஸ் அப்பிக் கிடந்தன. மச்சான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைபோலத் தன் கைகளை என் கைகளுக்குப் பக்கத்தில் நீட்டினார். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு, உதடு அசைய எண்ணினாள். என் ஆள்காட்டி விரலில் மட்டும் ஒரு கணம் நின்றாள். ஓட்டைக்குள் இருந்த இடத்தில் மெல்லிய சிவப்பு வளையம் ஒன்று பதிந்திருந்தது.

"பதினெட்டு" என்றாள். "சரியா இருக்கு. கையைக் கழுவிட்டு வாங்க, டீ ஆறுது."